பழைய ஜீப்பின் கறள்: பேஸ்ட்டால் மூடப்படும் நட்டம்

2021ஆம் ஆண்டு எனது பழைய ஜீப் வண்டியை விற்றுவிட எண்ணியிருந்தேன். அதற்கு முந்திய ஆண்டு மார்ச் மாதத்தில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்ததால், பழைய வண்டிகளுக்கு நாம் கனவிலும் நினைக்காத விலை கேட்கப்பட்ட காலம் அது. சிலாபம் பக்கமிருந்து தென்னந்தோட்டக்காரர் ஒருவர் பார்க்க வந்தார். எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்த்துத் திருப்திப்பட்டார். விலையும் ஏறக்குறையப் பேசி முடிந்துவிட்டது. கடைசியில் தனது சட்டைப் பையிலிருந்து, பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்றை எடுத்து, கைக்குட்டையில் சுற்றி, வண்டியின் ஒவ்வொரு பகுதியிலும் வைத்துப் பார்த்தார். பொனட்டில் ஒட்டியது. முன் மட்கார்டிலும் ஒட்டியது. பின் மட்கார்டில் வைத்ததும் கீழே விழுந்தது.

“நானா, இதுல தகரம் இல்ல. பேஸ்ட்டுத்தான் இருக்கு” என்றார். சலாம் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஏனெனில் அவரை ஏமாற்ற நான் நினைத்திருக்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கராஜில் நல்ல பணம் கொடுத்து அந்த இடங்களைத் திருத்தியிருந்தேன். அன்று மாலை ஸ்குரூ டிரைவரால் பின் மட்கார்டைக் குத்திப் பார்த்தேன். பேஸ்ட் பலகையாகக் கழன்று விழுந்தது. உள்ளே ஓட்டையை அடைப்பதற்காகப் பத்திரிகைத் தாள் சுருட்டித் திணிக்கப்பட்டிருந்தது. தாள் ஈரமாக இருந்தது. சுற்றியிருந்த தகரம் பிஸ்கட் போல நொறுங்கியது.

ஆனாலும் கராஜ்காரரை மாத்திரம் குறை சொல்வது நியாயமல்ல. புத்தளத்தில் கடை வைத்திருக்கும் நான், கற்பிட்டியிலிருந்து கருவாடும் உப்பும் அந்த வண்டியில்தான் பல வருடங்கள் ஏற்றினேன். சாக்கிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் றப்பர் மெட்டுக்குக் கீழே தேங்கி நின்றதை ஒருநாளும் தூக்கிப் பார்த்ததில்லை. கறளை வளர்த்தவன் நானே.

அதன்பின் ஜும்ஆவுக்குப் பிந்திய வெள்ளிக்கிழமை மாலைகளில், வீட்டு முற்றத்திலேயே அந்த வேலையை நானும் மகனுமாகச் செய்து முடித்தோம். அதில் கற்றுக்கொண்டதை, பழைய ஜீப், டபள் கெப், லொறி வைத்திருக்கும் வியாபார நண்பர்களுக்காக இங்கே எழுதுகிறேன். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், வரிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது புதிய வண்டி நம்மில் பலருக்கு இன்னும் எட்டாத தூரத்திலேயே உள்ளது. எனவே கையில் இருக்கும் வண்டி ஒரு முதலீடு. அதைப் பாதுகாப்பதும் வியாபாரத்தின் ஒரு பகுதிதான்.

கறள் என்ன செய்கிறது?

இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேரும்போது கறள் உண்டாகிறது. உப்பு கலந்த நீர் மின்சாரத்தை இலகுவாகக் கடத்துவதால் இந்த வேலை பல மடங்கு வேகமாக நடக்கிறது. கரையோர ஊர்களில் வண்டிகள் சீக்கிரம் உக்குவது இதனால்தான். கறளுக்கு இன்னொரு குணம் உண்டு. அது தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். ஆகவேதான் பெயின்ட் கொப்புளம் போல மேலெழும்புகிறது. அத்துடன் அது பஞ்சு போன்றது. ஈரத்தைத் தன்னுள் பிடித்து வைத்து அடுத்த தகரத்தையும் தின்னத் தொடங்கும். மேலே பெயின்ட் அடித்தாலும் பேஸ்ட் பூசினாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். வட்டிக் கடனை மறைத்து வைப்பது போலத்தான்.

முதலில் ஸ்டொக் எடுங்கள்

கடையில் ஸ்டொக் எடுக்காமல் சாமான் வாங்குவதில்லை. இங்கும் அப்படித்தான். வண்டியை நன்றாகக் கழுவி, மெட்டுகளையும் சீட்டுகளையும் கழற்றுங்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தமும் ஒரு ஸ்குரூ டிரைவரும் போதும். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டும்போது நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும், உக்கிய தகரம் மந்தமாக ஒலிக்கும். பார்க்க வேண்டிய இடங்கள் இவை: தரையின் மூலைகள், கதவுகளின் கீழ் விளிம்பு, மட்கார்டின் உட்பகுதி, முன் கண்ணாடிச் சட்டத்தின் அடி, பெட்டரி வைக்கும் தட்டு, பொடியைச் சசியுடன் பூட்டும் நட்டுகள் உள்ள இடங்கள்.

கண்டதை மூன்றாகப் பிரித்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். முதலாவது, மேற்பரப்பில் மட்டும் உள்ள கறள். இரண்டாவது, தகரத்தில் குழி விழுந்து செதில் செதிலாகக் கழரும் கறள். மூன்றாவது, ஓட்டை விழுந்தது. முதல் இரண்டையும் வீட்டில் செய்யலாம். மூன்றாவதில் சிலதை மட்டுமே செய்யலாம்.

சசி, பொடி மவுன்ட், சீட் பெல்ட் பூட்டும் இடம் ஆகியவற்றில் ஓட்டை இருந்தால் அது உயிர் சம்பந்தப்பட்ட விடயம். அதில் நாம் கை வைக்கக் கூடாது. அனுபவமுள்ள வெல்டிங் பாஸிடமே கொடுக்க வேண்டும். சசி முழுவதும் உக்கியிருந்தால் பொடிக்குப் பணம் செலவழிப்பதில் அர்த்தமில்லை. எனவே முதலில் சசியைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும்.

ஆரம்பிக்குமுன் பாதுகாப்பு

பெட்டரியின் மறை வயரைக் கழற்றி விடுங்கள். வண்டிக்குக் கீழே போவதானால் ஜக்கை மாத்திரம் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். எரிபொருள் தாங்கிக்கும் குழாய்களுக்கும் பக்கத்தில் கிரைண்டர் தீப்பொறி போகக் கூடாது. கண்ணாடி, முகக்கவசம், கையுறை மூன்றும் அவசியம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அந்தத் தூசு படும் இடத்தில் பிள்ளைகளை விடாதீர்கள். ஹாட்னர் கலக்கும் டூ-பெக் பெயின்டை வீட்டில் ஸ்பிரே செய்வதையும் தவிருங்கள். அதிலுள்ள ஐசோசயனேட் புகை நுரையீரலைப் பாதிக்கும், சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது.

வேலை முறை

1. சோப்புத் தூளால் கிரீஸையும் உப்பையும் கழுவி, நன்றாக உலர விடுங்கள். எண்ணெய் உள்ள தகரத்தைத் தேய்த்தால் எண்ணெய் உள்ளேதான் போகும்.

2. செதிலாக நிற்கும் கறளைச் சுரண்டி எடுத்து, கிரைண்டரில் கம்பி பிரஷ் பூட்டித் தேய்யுங்கள். பிறகு 80ஆம் இலக்கச் சேண்ட் பேப்பர். கறள் தெரிந்த இடத்தோடு நிறுத்தாமல், அதைச் சுற்றி 2 அல்லது 3 சென்றிமீற்றர் தூரத்துக்கு நல்ல தகரம் பளிச்சென்று தெரியும் வரை போக வேண்டும். பெயின்டுக்கு அடியில் கறள் ஊர்ந்து போயிருக்கும்.

3. குழிகளுக்குள் உள்ள கறளை பிரஷ் முழுதாக எடுக்காது. அதற்கு பொஸ்பரிக் அமிலம் கொண்ட கறள் மாற்றி ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கிறது. அது மிஞ்சிய கறளைக் கறுப்பு நிறப் படலமாக மாற்றும். சிலவற்றைப் பூசியபின் நீரால் கழுவ வேண்டும், சிலவற்றைக் கழுவக் கூடாது. போத்தலில் எழுதியிருப்பதை வாசித்துச் செய்யுங்கள். நொறுங்கும் கறளின் மேல் இதை ஊற்றினால் பயனில்லை. சுரண்டல் வேலைக்கு இது பதிலாகாது.

4. தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, அன்றைய தினமே பிரைமர் அடியுங்கள். நமது கடற்கரைக் காற்றில் காலையில் தேய்த்த தகரம் மாலையில் மஞ்சளாகிவிடும். ஆகவே முழு வண்டியையும் ஒரே நாளில் சுரண்டாதீர்கள். ஒரு மாலையில் பிரைமர் அடித்து முடிக்கக்கூடிய அளவை மட்டும் எடுங்கள். நாங்கள் முதல் வாரம் செய்த பிழை இதுதான். ஆசையில் இரண்டு பக்கமும் சுரண்டிவிட்டு இரவாகிவிட்டதால் விட்டுவிட்டோம். அடுத்த வெள்ளிக்கிழமை பாதி வேலையை மீண்டும் செய்ய நேர்ந்தது.

5. பிரைமரில் எபொக்சி வகையே நல்லது. சாதாரண பிரைமர் ஈரத்தை உள்ளே விடும். அதை மட்டும் அடித்துவிட்டு மழையில் வண்டியை ஓட்டினால் கறள் திரும்பிவிடும்.

பேஸ்ட்டுக்கு உரிய இடம்

பேஸ்ட் கெட்ட சாமான் அல்ல. அதை வைக்கும் இடம்தான் பிழை. நல்ல தகரத்தில் உள்ள சிறு பள்ளத்தைச் சமப்படுத்துவதற்கு, அதிகபட்சம் 3 மில்லிமீற்றர் அளவு பூசலாம். ஓட்டையை அடைப்பதற்கு அது கூடாது. பொலியெஸ்டர் பேஸ்ட் ஈரத்தை உறிஞ்சும். பின்பக்கம் திறந்திருந்தால் தண்ணீர் அதனூடாகவே தகரத்துக்குப் போகும். 100 கிராம் பேஸ்ட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் ஹாட்னர் போதும். நமது வெயிலில் சில நிமிடங்களில் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். இறுகியபின் 80, 180, 320 என்று படிப்படியாகத் தேய்த்து, மீண்டும் பிரைமர் அடித்து, 400ஆம் இலக்க நீர்ச் சேண்ட் பேப்பரால் மெருகாக்கி, பெயின்ட் அடியுங்கள். தடிப்பாக ஒரு தடவை அடிப்பதைவிட மெல்லியதாக மூன்று தடவை அடிப்பது சிறந்தது.

ஓட்டை விழுந்த இடத்தில், உக்கிய தகரத்தை நல்ல தகரம் வரும் வரை வெட்டி எறிய வேண்டும். பிறகு அதே தடிப்புள்ள புதுத் தகரம் வைக்க வேண்டும். எங்கள் பின் மட்கார்டுகளுக்கான துண்டுகளை வீட்டிலேயே வெட்டி, அளவு பார்த்து, சுற்றியுள்ள இடத்தைச் சுத்தம் செய்து கொடுத்தோம். வெல்டிங் பாஸ் கேஸ் வெல்டிங்கில் பிடித்துத் தந்தார். சாதாரண கூர் வெல்டிங் மெல்லிய தகரத்தை எரித்து ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். ஆயத்த வேலை எங்களுடையது என்பதால் கூலி கணிசமாகக் குறைந்தது. பாரம் தாங்காத தரைப் பகுதியில் ஒரு சிறு ஓட்டைக்கு, தகரத்துண்டை பிரைமர் அடித்து, சீலர் பூசி, ரிவெட் அடித்தோம். அது இன்றும் நிற்கிறது.

எனது வண்டி மிட்சுபிஷி டீசல் ஜீப். வில்லிஸ் நிறுவனத்தின் அனுமதியோடு ஜப்பானில் 1953இல் தயாரிக்கத் தொடங்கி 1998 வரை வெளிவந்த வகை அது. பொடி இரும்புத் தகரம். தோட்டப் பகுதிகளில் இன்னும் ஓடும் பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 1948இல் அது வெளிவந்தபோது பிரித்தானியாவில் இரும்புக்குத் தட்டுப்பாடு இருந்ததால் பொடியின் பெரும்பகுதி அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது. சசியும் முன் சுவரும் இரும்பு. வெளியே பளபளப்பாக இருக்க, உள்ளே சசி உக்கியிருக்கக்கூடும். அலுமினியத்தில் காந்தமும் ஒட்டாது. அங்கே குனிந்து சசியைத் தட்டிப் பார்ப்பதே பரிசோதனை.

திரும்பி வராமல் இருக்க

வெளிப்புறத்தைவிட உட்புறம் முக்கியம். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் உண்டு. அவற்றைக் கம்பியால் திறந்து விடுங்கள். மூடிய பகுதிகளுக்குள் மெழுகு வகைப் பாதுகாப்புத் திரவத்தை விசிறுங்கள். பழைய எஞ்சின் ஒயிலை வண்டியின் அடியில் அடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது றப்பர் பாகங்களைக் கெடுக்கும், மண்ணையும் கிணற்று நீரையும் அசுத்தமாக்கும், தோலுக்கும் ஆபத்தானது. அதை விட்டுவிடுவதே நல்லது. கரையோரப் பயணம் போய்வந்தால் அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். ஈரச் சாமானுக்குக் கீழே பிளாஸ்டிக் தட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை மெட்டைத் தூக்கிப் பாருங்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

சாமான் செலவை மட்டும் பார்த்து இலாபம் என்று சொல்லக் கூடாது. நமது நேரத்துக்கும் விலை உண்டு. கடை திறக்கும் நாளில் கடையை மூடிவிட்டு கிரைண்டர் பிடித்தால் அது நட்டம். ஓய்வு நேரம் இருப்பவர்களுக்கே இது பொருந்தும். மற்றவர்கள் கராஜில் கொடுக்கலாம். ஆனால் பேஸ்ட் பூசுமுன், தகரம் வெட்டி வெல்டிங் பிடித்த நிலையில் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டத்தில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் 2019இல் அந்த ஒரு பயணத்தைப் போயிருந்தால் இரண்டாவது செலவு வந்திருக்காது.

ஜீப்பை நான் விற்கவில்லை, இன்றும் ஓட்டுகிறேன். எந்த இடம் வெட்டப்பட்டது, எது ரிவெட், எங்கே பேஸ்ட் என்பதெல்லாம் போட்டோக்களுடன் ஒரு கொப்பியில் இருக்கிறது. என்றாவது விற்கும் நாளில் சாவியோடு அந்தக் கொப்பியையும் கொடுப்பேன். விற்கும் பொருளின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த மார்க்கக் கட்டளை. ஆனால் குறையைச் சொல்வதற்கு முதலில் அது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று அந்தத் தோட்டக்காரர் வந்திராவிட்டால், தெரியாமலேயே பேஸ்ட்டைத் தகரத்தின் விலைக்கு இன்னொருவரின் தலையில் கட்டியிருப்பேன்.

இந்த வெள்ளிக்கிழமை ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு உங்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.