பழவேற்காட்டில் விலைபோன மனிதர்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து பழவேற்காட்டுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். இறால், நண்டு, ஏரி, பூநாரை ஆகியவற்றுக்காகவே பெரும்பாலோர் அங்கே செல்கின்றனர். இன்னும் சிலர் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துத் திரும்புவர். அதன் நுழைவாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே, பதினேழாம் நூற்றாண்டில் இறந்த வணிகர்களின் பெயரும் குலச்சின்னமும் கல்லில் அழியாமல் நிற்கின்றன. அந்த வணிகர்கள் விலை பேசி வாங்கிக் கப்பலேற்றிய தமிழர்களுக்கும் தெலுங்கர்களுக்கும் அங்கே ஒரு கல்கூட இல்லை.

கல்லூரியில் இந்தியப் பொருளாதார வரலாற்றை நெடுங்காலம் கற்பித்தவன் நான். கிழக்கிந்தியக் கம்பெனிகள் துணியையும் மிளகையும் வாங்கியதைப் பாடமாகச் சொன்னேன். அவை மனிதர்களையும் வாங்கின என்பதை ஒருநாளும் சொன்னதில்லை. நான் பயன்படுத்திய பாடநூல்களிலும் அது இருக்கவில்லை. அடிமை வணிகம் என்றால் ஆப்பிரிக்காவும் அமெரிக்காவுமே நம் நினைவுக்கு வருகின்றன.

டச்சுக்காரர்கள் 1610-இல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி பெற்றுப் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தனர். 1612-இல் போர்த்துக்கீசியர் அதைத் தாக்கினர். மறு ஆண்டே கெல்டிரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் டச்சு வணிகத்தின் தலைமையகமாக அது 1690 வரை விளங்கியது. அவர்கள் இங்கே வந்ததற்கு முதற்காரணம் துணி. மொலுக்கஸ் தீவுகளின் வணிகர்கள் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் ஈடாக வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணியையே விரும்பினர். ஹென்ட்ரிக் பிரௌவர் என்ற டச்சு அதிகாரி, இக்கரையை மொலுக்கஸின் இடக்கை என்றே வருணித்தார். மலாய் மக்கள் கட்டம்போட்ட கைலியை இன்றும் ‘காயின் பெலேகாட்’ என்கின்றனர். அந்தப் பெலேகாட் நம் பழவேற்காடுதான்.

துணி வாங்க வந்தவர்கள் ஆள் வாங்கியது ஏன்? பத்தேவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா, 1619-இல் டச்சுத் தலைநகரானது. 1621-இல் ஆளுநர் கூன் பாண்டா தீவுகளைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த சுமார் 15,000 மக்களில் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், பட்டினியால் மாண்டனர், நாடு கடத்தப்பட்டனர். ஜாதிக்காய்த் தோட்டங்கள் கம்பெனியின் கைக்கு வந்தன. உழைக்க ஆள் இல்லை. அதே காலத்தில் சோழமண்டலம் வறட்சியில் வாடியது. 1622-23-இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைமுகங்களிலிருந்து 1,900 பேர் கப்பலேற்றப்பட்டனர். கையில் பணம் இருந்திருந்தால் மேலும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அதிகாரிகள் குறைபட்டுக்கொண்டனர். அந்தக் கணக்கு வாக்கியத்தை முதன்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

இந்த வணிகம் ஆண்டுதோறும் சீராக நடந்ததன்று. வரலாற்றாசிரியர் மார்க்கஸ் விங்க் காட்டுவதுபோல், பஞ்சமும் போரும் வரும்போதெல்லாம் அது பெருகியது. 1646 பஞ்சத்தில் 2,118 பேர் பத்தேவியாவுக்கு அனுப்பப்பட்டனர். பிஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டைச் சூறையாடிய 1659-61-இல், எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் விற்கப்பட்டனர். பெரும்பாலோர் இலங்கைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

இதற்குள் இருக்கும் பொருளியல் எளிமையானது, கொடியது. மழை பொய்த்தால் நெல் விலை ஏறும். உழவு நின்றுவிடும், துணி வாங்குவாரும் குறைவர். உழவரும் நெசவாளரும் விற்பதற்கு உழைப்பைத் தவிர வேறொன்றும் இல்லாதவர்கள். அந்த உழைப்புக்கே விலையில்லாமல் போகும். 1981-இல் அமர்த்திய சென் பஞ்சங்களைப் பற்றி எழுதிய நூல் விளக்கியது இந்த நிலையைத்தான்: சந்தையில் உணவு இருந்தாலும் அதைப் பெறும் தகுதியைச் சிலர் இழந்துவிடுகின்றனர். அப்போது தாய் பிள்ளையை விற்கிறாள், விற்றாலாவது அது உயிரோடிருக்கும் என்று. நெல் விலை ஏற ஏற மனிதரின் விலை இறங்கும். டச்சு வணிகர் காத்திருந்தது அந்த நேரத்துக்குத்தான்.

டச்சுக்காரர் மட்டுமே குற்றவாளிகள் என்று சொல்லிவிட முடியாது. ஊரூராகச் சென்று ஆள் பிடித்துக் கொடுத்தவர்கள் உள்ளூர்த் தரகர்கள். ஆங்கிலேயரின் சென்னையிலிருந்தும் அடிமைகள் ஏற்றுமதியாயினர். முகலாயர் எதிர்ப்புக்குப் பின்னரே 1688-இல் அங்கு தடை வந்தது.

விற்கப்பட்டவர்கள் முதலில் இழந்தது பெயரை. தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றத்து ஆவணங்களில் ‘கொரமாண்டலைச் சேர்ந்த’ என்ற ஒட்டோடு புதுப் பெயர்கள் காணப்படுகின்றன. சில அடிமைகளுக்குச் செப்டம்பர், பிப்ரவரி என மாதங்களின் பெயர்களே சூட்டப்பட்டன. கொழும்பில் கம்பெனியின் அடிமைகளை அடைத்துவைத்த பகுதி ஆங்கிலத்தில் ‘ஸ்லேவ் ஐலண்ட்’ ஆயிற்று. தமிழில் நாம் அதைக் கொம்பனித்தெரு என்கிறோம். அடிமை என்ற சொல் நம் வழக்கில் நழுவிவிட்டது.

இந்தியாவில் 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கியது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல்தான் வந்தது. அதன் பிறகும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் முன்பணத்துக்குக் கட்டுண்ட குடும்பங்களை அதிகாரிகள் மீட்டுள்ளனர். இதையும் கப்பலேற்றத்தையும் ஒன்றாக்குவது வரலாற்றுக்கு நியாயமாகாது. ஆனால் மழை பொய்த்த ஆண்டில் கிராமத்துக்கு வரும் முகவர், கையில் வைக்கும் முன்பணம், பிறகு திரும்ப வழியில்லாத தொலைவு என்ற வரிசை எனக்குப் பழக்கப்பட்டதாகவே தோன்றுகிறது.

டச்சுக் கம்பெனியின் கணக்கேடுகள் நெதர்லாந்தின் ஹேக் நகர ஆவணக் காப்பகத்தில் பல்லாயிரம் கட்டுகளாக உள்ளன. பழைய டச்சு மொழியில், பழைய கையெழுத்தில் எழுதப்பட்டவை அவை. அதைப் படிக்கக்கூடிய தமிழ் ஆய்வாளர்கள் மிகச் சிலரே. நம் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு இரண்டு மாணவர்களுக்கு மட்டும் உதவித்தொகை அளித்து அந்த மொழியைக் கற்க அனுப்பினால் போதும். பழவேற்காட்டில் எத்தனை பேர் ஏற்றப்பட்டனர், எந்த ஊரார், என்ன வயதினர், என்ன விலைக்கு என்பதைக் கட்டுக் கட்டாக அவர்கள் எடுத்து எழுதத் தொடங்கலாம்.