கட்டியக்காரன் முதல் மாமியார் வரை: தமிழ்த் தொலைக்காட்சிக் குடும்ப நகைச்சுவைத் தொடரின் தொடக்கக் காலம்

ஆய்வுச்சுருக்கம்

ஒத்துவராத குடும்பத்தைக் கண்டு நகைப்பது தொலைக்காட்சியோடு தமிழுக்கு வந்ததன்று. செஞ்சி, மேல்மலையனூர் வட்டாரத்துத் தெருக்கூத்தில் அந்நகைப்புக்கு நெடுங்கால உரிமை இருந்துவருகிறது. சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தின் நாடகங்கள் தொடங்கி, 2000க்குப் பிந்தைய தனியார் அலைவரிசைத் தொடர்கள் வரை அவ்வுரிமை யார் கைக்கு மாறியது, எள்ளலுக்கு இலக்கானவர் யாவர் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எள்ளல், கட்டியக்காரன், சபா நாடகம், தூர்தர்ஷன், குடும்ப நகைச்சுவைத் தொடர்

முன்னுரை

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கன் அடியாகத் தோன்றும் என்பது தொல்காப்பியர் கருத்து. இந்நான்கனுள் எள்ளல் மட்டுமே இருவரை வேண்டுவது. எள்ளுவோர் ஒருவர், எள்ளப்படுவோர் மற்றொருவர். ஆகவே அது எப்போதும் அதிகாரம் பற்றிய வினாவையும் உடன் கொண்டு வருகிறது. குடும்பம் என்னும் அமைப்பில் யார் யாரை எள்ளலாம்? நெடுந்தொடர்களில் பெண் சித்திரிப்புக் குறித்து நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வேடுகள் பல எழுந்துள்ளன. அழுகைக்குக் கிடைத்த அந்தக் கவனம் நகைக்குக் கிடைக்கவில்லை. நகைச்சுவைத் தொடர் ஆய்வுக்கு உரிய பொருளன்று என்ற எண்ணமே இதற்குக் காரணமாகலாம். அவ்வெண்ணம் பிழையானது என்பதே இக்கட்டுரையாளர் துணிபு.

மேல்மலையனூரும் ஒத்துவராத குடும்பமும்

விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூர் அங்காளபரமேசுவரி கோயிலின் தலக்கதையே ஒரு குடும்பப் பூசலில் தொடங்குகிறது. ஐந்து தலை கொண்ட பிரமனைத் தன் கணவனென மயங்கிப் பார்வதி வணங்குகிறாள். சினந்த சிவன் பிரமனின் ஐந்தாம் தலையைக் கொய்ய, அத்தலை அவன் கையிலேயே ஒட்டிக்கொள்கிறது. கணவனுக்கு நேர்ந்ததைக் கண்ட சரசுவதி சாபமிடுகிறாள். சிவன் பித்தனாய்ப் பிச்சைக்கு அலைகிறான். கையிலுள்ள கபாலமோ இட்ட சோற்றையெல்லாம் தின்றுவிடுகிறது. மனைவி அங்காளியாகி, சோற்றை நிலத்தில் இறைத்து, அதை உண்ண இறங்கிய கபாலத்தை மிதித்து அடக்கிய பின்னரே வீடு நேர்படுகிறது. மாசி மாதத்து மயானக் கொள்ளையில் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுவது இக்கதையே. கணவன் கையாலாகாதவனாய் நிற்க மனைவி சிக்கலைத் தீர்க்கும் இக்கதையமைப்பு, பின்னாளில் உலகெங்கும் குடும்ப நகைச்சுவைத் தொடர்கள் மேற்கொண்ட அமைப்போடு ஒத்திருப்பது தற்செயலே ஆகலாம், ஆயினும் நோக்கத்தக்கது.

இதனினும் நேரான சான்று பாரதக் கூத்து. செஞ்சிப் பகுதியைத் திரௌபதி வழிபாட்டின் மையமாகக் கொண்டு ஆல்ஃப் ஹில்டபைடல் தம் ஆய்வின் முதல் தொகுதியை 1988இல் வெளியிட்டார். இப்பகுதித் திரௌபதியம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, நிறைவில் தீமிதி என நாள்கள் நகரும். கூத்தில் முதலில் அரங்கேறுபவன் கட்டியக்காரன். திரைக்குப் பின் நிற்கும் அரசனை யார் என வினவுகிறான். அரசன் விருத்தம் பாடித் தன் பெருமை கூற, இவன் ஊர்ப் பேச்சில் அதைத் தரைக்கு இழுக்கிறான். அரசன் பேசுவது காவிய மொழி. கட்டியக்காரன் பேசுவது பார்வையாளர் மொழி. காவலனும் தூதனும் தோழனும் அவனே, சில இடங்களில் பணிப்பெண்ணும் அவனே. மனைவியைப் பந்தயமாக வைத்துத் தோற்ற தருமன், உறவினரின் மனைவியை அவைக்கு இழுத்த துரியோதனன், கண் தெரிந்தும் வாய் திறவாத பெரியோர் என அக்குடும்பத்தில் எள்ளலுக்கு உரியோர் பலர்.

இங்கே ஒன்றை வற்புறுத்த வேண்டும். துகிலுரியும் காட்சியில் கற்பூரம் ஏற்றப்படுகிறது. ஆடுபவருக்கும் காண்பவருக்கும் அருள் வருவதுண்டு. அதே இரவில், அதே களரியில், கட்டியக்காரனின் கேலியும் நிகழ்கிறது. வழிபாடும் எள்ளலும் ஒன்றையொன்று விலக்குவதில்லை. எள்ளுவோன் குடும்பத்துக்கு வெளியே நிற்கும் வேலையாள். எள்ளப்படுவோர் பெரும்பாலும் குடும்பத் தலைவர்களான ஆண்கள்.

சபாவிலிருந்து நிலையத்துக்கு

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகத்து 15ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்கியது. புதிய நிலையத்துக்கு நாடகம் வேண்டியிருந்தது. நகரச் சபாக்களில் நாடகம் ஆயத்தமாக இருந்தது. ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் 1952 முதலும், சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் 1954 முதலும் இயங்கி, நகைச்சுவைக்குப் பழகிய ஒரு நடுத்தர வர்க்கப் பார்வையாளரை உருவாக்கியிருந்தன. அடுத்த தலைமுறையில் எஸ்.வி. சேகர், கிரேசி மோகன், காத்தாடி ராமமூர்த்தி ஆகியோர் குழுக்கள் எழுந்தன. காத்தாடி ராமமூர்த்தி குழுவின் ‘அய்யா அம்மா அம்மம்மா’ என்னும் தலைப்பே ஒரு வீட்டின் அதிகார வரிசையைச் சொல்லிவிடுகிறது. எஸ்.வி. சேகரின் ‘வண்ணக் கோலங்கள்’ தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தோர் நினைவில் இன்றும் உண்டு.

சபா நாடகத்தில் கட்டியக்காரன் இல்லை. அவன் வேலை வீட்டுக்குள்ளேயே பங்கிடப்பட்டது. கடன் கேட்க வந்த நண்பன், வேலையற்ற மைத்துனன், காது மந்தமான தாத்தா ஆகியோர் அவன் சொற்களைப் பேசினர். மொழியும் மாறியது. நடுக்கூடம், சோபா, தொலைபேசி, சென்னை அக்கிரகாரப் பேச்சு என்னும் அவ்வுலகம் மேல்மலையனூர்ப் பார்வையாளருக்கு அரசனின் விருத்தம் அளவுக்கே அயலானது. ஆனால் அந்த விருத்தத்தை இடைமறித்துப் பொருள் சொல்லக் கூத்தில் ஒருவன் இருந்தான். இங்கு அப்படி ஒருவரும் இல்லை.

இதே காலத்தில் தேசிய ஒளிபரப்பில் 1984இல் ‘ஹம் லோக்’ தொடங்கியது. நகைச்சுவையில் ‘யே ஜோ ஹை ஜிந்தகி’ அவ்வாண்டே வந்தது. 13 வாரம் என்னும் கணக்குக்கு எழுத்தாளர் பழகியதும் இக்காலத்தில்தான். சபா நாடகம் இரண்டரை மணி நேரத்தில் குழப்பத்தைத் தீர்த்துவிடும். தொடருக்கோ அடுத்த வாரத்துக்குக் குழப்பம் மிஞ்ச வேண்டும். குடும்பம் திருந்திவிட்டால் தொடர் முடிந்துவிடும் என்பதே இவ்வகையின் அடிப்படை விதி.

அயல்நாட்டு ஒப்பீடு

இவ்விதியை மேலை நாடுகளில் துணிவோடு கையாண்டோர் உளர். ஜானி ஸ்பெய்ட் எழுதிய பிரித்தானியத் தொடரைத் தழுவி, 1971 சனவரி 12ஆம் நாள் அமெரிக்கச் சிபிஎஸ் நிறுவனம் ‘ஆல் இன் தி ஃபேமிலி’யை ஒளிபரப்பியது. இன வெறுப்பைக் கூசாமல் பேசும் குடும்பத் தலைவனைக் கண்டு பார்வையாளர் சினங்கொள்வர் என அஞ்சி, முதல் பகுதிக்கு முன் ஓர் அறிவிப்பையும் அந்நிறுவனம் காட்டிற்று. 1987இல் மற்றொரு நிகழ்ச்சியின் இடைத்துணுக்காகப் பிறந்து, 1989 திசம்பரில் தனித்தொடரான ‘தி சிம்ப்சன்ஸ்’ இதனினும் ஒரு படி சென்றது. அதன் படைப்பாளர் மேட் க்ரோனிங், பெற்றோர் பெயரையும் தங்கையர் பெயரையுமே பாத்திரங்களுக்குச் சூட்டினார். இரண்டிலும் எள்ளப்படுபவன் தந்தை. அவனை எள்ளுபவர் மருமகன், மகன், மகள். நம் கூத்தில் வேலையாள் செய்ததை அங்கே பிள்ளைகள் செய்தனர்.

தனியார் அலைவரிசைக் காலம்

1993 ஏப்பிரல் 14இல் சன் தொலைக்காட்சி தொடங்கியபின் களம் விரிந்தது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில் நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’ (1998) இவ்வகையில் தனித்து நிற்பது. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே பெயர். பெயர் ஒன்றாயினும் வழக்கில் இருவரும் எதிரெதிர்க் கட்சி. இங்கு எள்ளல் இருவழிப் பாதையாகிறது; மனைவி வெல்லும் வாரமும் உண்டு, கணவன் வெல்லும் வாரமும் உண்டு. தமிழில் இவ்வகை எய்திய உயர்நிலை இதுவே என்பது இக்கட்டுரையாளர் மதிப்பீடு.

அடுத்து வந்தது வேறு வழியில் சென்றது. 1999 இறுதியில் ‘சித்தி’ வழி அன்றாட நெடுந்தொடரின் கண்ணீரை நிலைநாட்டிய ராதிகாவின் ராடான் நிறுவனமே ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’வையும் தயாரித்தது. மாமியாரும் மருமகளும் ஓயாது பொருதுவது அதன் உயிர். எம்.எஸ். பாஸ்கர் ஏற்ற பட்டாபி, தமிழகம் முழுதும் அறிந்த பெயராயிற்று. 2014இல் மீண்டும் தொடங்கிய பதிப்பில் நளினியும் நிரோஷாவும் அப்போரைத் தொடர்ந்தனர். நடிப்பின் ஆற்றலில் ஐயமில்லை. மூத்த நடிகையர் இவ்வளவு கட்டற்று நகைக்க வைத்ததைத் தமிழ்த் திரைப்படம்கூட அரிதாகவே அனுமதித்தது. ஆனால் எள்ளலின் திசையைக் கவனிக்க வேண்டும். வீட்டு ஆண் இங்கே பாவப்பட்டவன். அவனுக்குக் கிடைப்பது எள்ளல் அன்று, இரக்கம். பெண்ணைப் பெண்ணே எள்ளுகிறாள். பந்தயத்தில் மனைவியை வைத்தவனை நோக்கிய கேலி, சமையலறையில் உப்பு மிகுந்த குழம்பை நோக்கித் திரும்பிவிட்டது.

நெடுந்தொடரில் அழுத அதே மாமியார், மருமகள் இருவரே இங்குச் சிரிக்க வைத்தனர். ஆகவே நகைச்சுவைத் தொடரை நெடுந்தொடரின் மறுதலையாகக் கொள்ளாமல், அதன் மறுபக்கமாகக் கொள்வதே பொருந்தும்.

களரிக்குத் திரும்புதல்

2006 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், மேல்மலையனூர் போன்ற ஊர்களின் குடிசைகளுக்குள்ளும் இத்தொடர்களைக் கொண்டு சென்றது. கூத்து அதனால் மறையவில்லை. பங்குனி, சித்திரை மாதங்களில் களரிகள் இன்றும் அமைகின்றன. திரைப்படப் பாடலையும் நகைச்சுவை நடிகர் பேச்சையும் கட்டியக்காரன் தயக்கமின்றி எடுத்தாள்கிறான். அவற்றைத் துரியோதனன் முன்னிலையிலேயே பேசுகிறான். கடன் இதுவரை ஒரு வழிப்பட்டதாகவே உள்ளது. கூத்திலிருந்து மேடை கற்றுக்கொள்ள ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார்; தொலைக்காட்சி நகைச்சுவை எழுத்தாளர் எவரும் அவ்வாறு களரிக்கு வந்து, வாயிற்காவலன் தன் அரசனிடம் எவ்வாறு பேசுகிறான் என்று கேட்டதாகத் தொடர்களில் தடயம் இல்லை.