பூமியின் பேரேடு

நிலக்கரி வேகன்களுக்கு ரசீது எழுதுவது நம் உத்தியோகம். 58 வேகன்கள் கோத்த ஒரு சரக்கு வண்டியில் ஏறக்குறைய 4,000 டன் கரி செல்லும். இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த சரக்கு, சில நாட்களில் ஏதோ ஒரு மின்நிலையத்தில் எரிந்துபோகும். அந்தப் புகை எந்தக் கணக்கில் ஏறுகிறது என்று நாம் கேட்டதில்லை. பூமியே பதிந்து வைத்திருக்கிறது என்கின்றனர் பூகர்ப்ப சாஸ்திரிகள்.

கனடாவில் கிராஃபோர்டு என்றொரு சிற்றேரி உண்டு. ஆழம் ஏறத்தாழ 24 மீட்டர். கோடைதோறும் அதன் அடியில் வெண்சுண்ணாம்பு படியும். பின்னர் கரிய மக்கு படியும். இரண்டும் சேர்ந்தால் ஓராண்டு. மரத்தின் வளையங்களைப்போல் எண்ணிவிடலாம். 1950-ஐ ஒட்டிய அடுக்குகளில் அணுகுண்டுச் சோதனைகள் தூவிய புளூட்டோனியம் தென்படுகிறது. கரியும் எண்ணெயும் கடுவெப்பத்தில் எரிகையில் பறக்கும் நுண்ணிய கரிமணிகளும் பெருகுகின்றன. இதைப் படித்தபோது நம் பேனா சற்று நின்றது. நம் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமும் அந்தக் கரியிலிருந்துதானே வருகிறது!

இக்காலத்துக்கு ‘ஆந்த்ரோபோசீன்’, அதாவது மானுட ஊழி, என்ற பெயரை நோபல் பரிசு பெற்ற ரசாயன அறிஞர் பால் குருட்சன் 2000-ஆம் ஆண்டில் முன்வைத்தார். 2023-இல் அறிஞர் குழு ஒன்று மேற்படி ஏரியையே அதன் எல்லைக்கல்லாகத் தேர்ந்தது. 2024 மார்ச்சில் மேல் கமிட்டியின் வாக்கெடுப்பில் ஆதரித்தோர் 4 பேர். எதிர்த்தோர் 12 பேர். தீர்மானம் தோற்றது.

மனிதன் குற்றமற்றவன் என்று அவர்கள் தீர்ப்பளிக்கவில்லை. அவன் கை 1950-இல்தானா பூமியில் பட்டது என்பதே வினா. காடழித்து உழுததும், நெல்லுக்கு நீர் தேக்கியதும் பல்லாயிரம் ஆண்டுப் பழமை அல்லவா? எழுபது சொச்சம் ஆண்டுகள் ஓர் ஊழியாகுமா? நமக்கு இவ்வாதம் நியாயமாகவே படுகிறது.

ஆகவே, ஏட்டின்படி நாம் இன்றும் வாழ்வது மேகாலயக் காலத்தில். 2018-இல் ஏற்கப்பட்ட பெயர் இது. சிரபுஞ்சியை அடுத்த மவ்ம்லு குகையில் துளித்துளியாய்ச் சொட்டி வளர்ந்த சுண்ணாம்புத் தூண் ஒன்று, 4,200 ஆண்டுகளுக்கு முன் மழை குன்றியதைக் காட்டிற்று. மழைக்குப் பேர்போன ஊரில் வறட்சிக்குச் சாட்சி கிடைத்தது விந்தைதான்.

நம் ஜரியா வட்டாரத்திலோ, 1916-இல் கண்டறியப்பட்ட நிலத்தடித் தீ இன்னும் முற்றிலும் அணையவில்லை. மழைக்கால இரவுகளில் நிலவெடிப்புகளிலிருந்து ஆவி எழுவதை நம் வீட்டுப் பிள்ளைகள் பார்த்தே வளர்கின்றனர். பூமிக்குள் ஏன் அடுப்பு எரிகிறது என்று சென்ற வாரம் நம் இளையவள் கேட்டாள். பதில் சொல்லுமுன் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.