சுவீடியத் தொகைச் சொற்களில் அசைப் பிரிப்பும் பொருளும்

சுவீடிய மொழியில் தொகைச் சொற்கள் இடைவெளியின்றி ஒரே சொல்லாக எழுதப்படுகின்றன. இரண்டும் மூன்றும் அவற்றின் மேலுமாக உறுப்புகள் இணைந்து சொல் நீள்வதால், வரியின் இறுதியில் அதனை எங்கே பிரிப்பது என்னும் சிக்கல் எழுகிறது. இதற்கு இரு நெறிகள் வழங்குகின்றன.

முதலாவது உறுப்பு நெறி. இதன்படி, உறுப்புகள் கூடும் எல்லையில் தொகை பிரிக்கப்படும். இரண்டாவது ஒற்றைமெய் நெறி. இதன்படி, தனிச்சொல்லில் உயிரொலிக்கு முன் நிற்கும் ஒரு மெய் மட்டும் அடுத்த வரிக்குச் செல்லும். 'சகோதரிகள்' எனப் பொருள்படும் ஸிஸ்ட்ரர் என்பது ஸிஸ்ட்-ரர் எனப் பிரியும். தொகைகளில் உறுப்பு நெறிக்கே முதன்மை உண்டு.

இம்முதன்மையின் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டு விளக்கும். பீல் (கார்), ட்ருல்லெ (முரடன்) ஆகியன இணைந்து, பொறுப்பின்றிக் கார் ஓட்டுபவனைக் குறிக்கும். பில்ட் (படம்), ருல்லெ (சுருள்) ஆகியன இணைந்தாலும் சுவீடிய எழுத்தில் அதே வரிசையே கிடைக்கும். ஒற்றைமெய் நெறியை இங்கு ஆராயாது பின்பற்றினால், கார் ஓட்டுபவன் படச்சுருளாகிவிடுவான்.

மூன்று ஒத்த மெய்கள் அடுத்தடுத்து வரின் இரண்டே எழுதப்படும். எனவே கிளாஸ் (கண்ணாடி) + ஸ்கோல் (கிண்ணம்), கிளஸ் (பனிக்கூழ்) + ஸ்கோல் ஆகிய இரண்டும் எழுத்தில் ஒன்றாகின்றன. பின்னதை வரியிறுதியில் பிரிக்கும்போது மறைந்த மூன்றாம் மெய் மீண்டும் தோன்றும்.

நெடுந்தொகைகளில் ஸகர இணைப்பொலி, தமிழ்ச் சாரியையைப் போல நின்று, தலைமை எல்லையைச் சுட்டுவதுண்டு. வீன்கிளாஸ் (திராட்சைமதுக் கோப்பை) என்பதில் அது இல்லை. ரோட்வீன்ஸ்கிளாஸ் (செம்மதுக் கோப்பை) என்பதில் அது தோன்றி, 'செம்மது' ஓர் அலகு என அறிவிக்கிறது. ஆகவே ரோட்வீன்ஸ்-கிளாஸ் என்னும் பிரிப்பே சிறந்தது.

1983இல் ஃபிராங்க்ளின் லியாங் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வேட்டில் வகுத்த கணினிமுறை, எழுத்துக் கோவைகளைக் கொண்டு பிரிப்பிடங்களைக் கண்டறிகிறது. ஆனால் ஒரே கோவை இருபொருள் தருமிடத்து எழுத்து மட்டும் வழிகாட்டாது. சூழலே முடிவு செய்யும். தமிழ் அணி இலக்கணம் கூறும் பிரிமொழிச் சிலேடை நயம் கருதி அமைவது. இங்கோ அத்தகைய இருமை இயல்பான எழுத்துமுறையிலேயே விளைகிறது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இதில் நேரடிப் பயன் உண்டு. பீல், பில்ட் என்றும் கிளாஸ், கிளஸ் என்றும் வரும் நெடில் குறில் வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டியே தீரும். எனவே தொகையின் எல்லையைத் துணியாமல் இத்தகைய சொல்லின் முதல் அசையைக்கூடத் தமிழில் எழுத இயலாது.