அணைத்த பிறகும் அணையாத சூடு

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் டர்பைனைச் சுழற்றுவது நீராவிதான். தூத்துக்குடி அனல் மின் நிலையத்திலும் அதே கதைதான். தண்ணீரைக் காய்ச்சும் விதம் மட்டும் வேறு. யுரேனியம்-235 அணுவின் கருவில் ஒரு நியூட்ரான் மோதினால் கரு பிளந்து வெப்பம் வெளிப்படும். கூடவே கிளம்பும் இரண்டு மூன்று நியூட்ரான்கள் அடுத்தடுத்த கருக்களைப் பிளக்கும். கூடங்குளத்தின் ஒவ்வொரு உலையிலும் யுரேனியம் அடங்கிய 163 எரிபொருள் கட்டுகள் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி ஓடும் தண்ணீர் 300 டிகிரியைத் தாண்டியும் கொதிப்பதில்லை. அத்தனை அழுத்தத்தில் அதை அடைத்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சூட்டைக் குழாய்ச் சுவர் வழியாக வாங்கிக்கொள்ளும் வேறொரு தண்ணீர்தான் ஆவியாகி, டர்பைனை நிமிடத்துக்கு 3000 முறை சுழற்றுகிறது.

உலையில் பிறக்கும் வெப்பம் சுமார் 3000 மெகாவாட். மின்சாரமாவது 1000. மிச்சம் இரண்டு பங்கும் கடல்நீரோடு கடலுக்கே போகிறது. திரும்பும் நீர் கடலைவிட 7 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்பது விதி. எனவே, மீன்பாடு பற்றிப் பக்கத்து ஊரான இடிந்தகரையின் மீனவர் கேட்கும் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

அணு உலை அணுகுண்டு போல வெடிக்காது. எரிபொருளில் யுரேனியம்-235-இன் செறிவு அதற்குப் போதாது. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கட்டுப்பாட்டுக் கோல்களை இறக்கினால் சில நொடிகளில் பிளவு நின்றுவிடும், சூடு நிற்காது. பிளவில் உண்டான கதிரியக்கப் பொருட்கள் சிதைந்துகொண்டே இருப்பதால், நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தில் ஆறு, ஏழு சதவீதம் மிஞ்சும். 3000 மெகாவாட் உலையில் அது ஏறக்குறைய 200 மெகாவாட். போகப்போகக் குறையும் என்றாலும், குளிர்விக்கும் வேலை ஓய்வில்லாமல் நடக்க வேண்டும்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் முறைப்படி நின்றுவிட்டன. பின்னால் வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. மின்சாரம் போயிற்று, குளிர்விப்பும் போயிற்று. மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. 2004 சுனாமியில் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் பம்பு அறைக்குள் கடல் புகுந்தது. அங்கே ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்த முடிந்தது. கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாமல் வெளிக்காற்றால் குளிர்விக்கும் ஏற்பாடும், உருகிய எரிபொருளைத் தாங்கும் தொட்டியும் வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் வேலிக்கு வெளியே இருப்பவர்களைக் காப்பாற்ற வேண்டியது மாவட்ட நிர்வாகம்.

நிலையத்திலிருந்து 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டம் வேண்டும். அதன் பொறுப்பு ஆட்சியருடையது. 2012 ஜூனில் இதற்கான ஒத்திகை நடந்தது. அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தின் மையமாக இருந்த இடிந்தகரையில் அல்ல, நக்கனேரியில். மறு ஆண்டு மே 6 அன்று உச்ச நீதிமன்றம் நிலையத்துக்கு அனுமதி தந்தபோது 15 நிபந்தனைகளையும் விதித்தது. எந்தச் சாலை வழியாக வெளியேறுவது, எந்தக் கட்டடம் முகாம், அயோடின் மாத்திரை எங்கே இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டப்படி ஆட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அந்த மாத்திரை தைராய்டை மட்டும்தான் காக்கும். அதிகாரிகள் சொல்லும்போது மட்டும் விழுங்க வேண்டும். அயோடின் உப்பை அள்ளித் தின்பதால் பயனில்லை. செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வரப் பெருங்காரணம், அயோடின்-131 கலந்த பால். அயோடின்-131-இன் கதிரியக்கம் எட்டு நாளில் பாதியாகிவிடும். ஆகவே கதவை அடைத்து வீட்டுக்குள் இருப்பதும், வெட்டவெளியில் மேய்ந்த மாட்டின் பாலையும் திறந்த கிணற்று நீரையும் தவிர்ப்பதும் முதல் நாட்களில் பெரிய பாதுகாப்பு.

புதிய உலை வருவதாக இருந்தால், பொது விசாரணைக்கு 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்வது நல்லது. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். சென்னையிலேயே அதன் தென்மண்டல அமர்வு இருக்கிறது.

விபத்து இழப்பீட்டுக்கு 2010-இல் தனிச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம், அணுமின் துறையைத் தனியாருக்கும் திறந்துவிட்டது. இரண்டிலுமே பாதிக்கப்பட்டவர் நிறுவனத்தின் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. இரண்டிலுமே கூடங்குளம் அளவுள்ள உலையை நடத்துபவரின் பொறுப்பு 1500 கோடி ரூபாயோடு முடிகிறது. நாட்டின் மிகப் பெரிய அணுமின் நிலையத்துக்கு இது சின்னத் தொகை. உரிமை கோர சொத்துச் சேதத்துக்கு 10 ஆண்டு, உடல் பாதிப்புக்கு 20 ஆண்டு கெடு. கதிர்வீச்சால் வரும் புற்றுநோய் பல ஆண்டு கழித்தும் தலைகாட்டும். அதனால் குடும்ப அட்டை, வீட்டுப் பத்திரம், மீன் விற்ற கணக்கு, பழைய மருத்துவச் சீட்டு எல்லாவற்றுக்கும் ஒரு நகலை வேறு ஊர் உறவினர் வீட்டில் வைத்திருப்பது உதவும். வெளியேறச் சொல்லும் நேரத்தில் பீரோவைத் திறந்து தேட அவகாசம் இருக்காது.