பயிற்சியில் விடுபட்ட பாடம்

"எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க."

பள்ளிக்கூடம் திறந்த சில வாரங்களில் இந்தக் குரலைக் கேட்டு எழுந்து நின்றவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அலுவலகத்திலிருந்து உதவித்தொகைப் பட்டியலோடு ஒருவர் வருவார். கணக்குப் பாடம் பாதியில் நிற்கும். சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தக நகல் எல்லாம் நாளைக்கே வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். நாம் மறுபடி உட்காரும்போது, அதுவரை ஒட்டி உட்கார்ந்திருந்த நண்பன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருப்பான்.

துப்புரவுத் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகை என்றால் வேதனை இன்னும் அதிகம். அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்பது மொத்த வகுப்புக்கும் தெரிந்துவிடும். அதற்குக் கூச்சப்பட்டே படிவம் வாங்காமல் விட்ட பிள்ளைகள் உண்டு.

பட்டியலோடு வந்த எல்லோரும் நம்மை அவமானப்படுத்த நினைத்து வந்தார்கள் என்று சொல்ல மாட்டோம். பலருக்கு அது வேலையைச் சீக்கிரம் முடிக்கும் வழி. இதை வேறு விதமாகச் செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நம் கேள்வி அதுதான்: ஏன் சொல்லிக் கொடுக்கவில்லை?

ஆசிரியர்களுக்குப் பயிற்சிக்குக் குறைவில்லை. மாவட்டத்தில் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒன்றியத்தில் வட்டார வள மையமும் ஆசிரியர் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கிய பிறகு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பருவந்தோறும் பயிற்சி நடக்கிறது. எமிஸ் தளத்தில் பதிவது, ஸ்மார்ட் வகுப்பறையைப் பயன்படுத்துவது என்று மற்றவையும் உண்டு. எல்லாம் தேவைதான். அரசுப் பள்ளியை நம்பியிருப்பவர்கள் நம் பிள்ளைகள். ஆசிரியர் நன்றாகக் கற்பித்தால் அந்த நன்மை நம் வீட்டுக்குத்தான் வருகிறது.

ஆனால் வகுப்பறைக்குள் சாதி தலைகாட்டும்போது ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்ற பாடம் இந்தப் பயிற்சிகளில் எங்கே இருக்கிறது?

அந்தப் பாடம் இல்லாததன் விலையை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பார்த்தோம். பிளஸ் டூ படித்த பட்டியல் சமூக மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் உடன் படித்த மாணவர்களும் இருந்தார்கள். தனக்கு நடக்கும் கொடுமையை அந்த மாணவர் பள்ளியில் சொன்ன பிறகே இது நடந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. ஒரு பிள்ளை வாய் திறந்து சொல்லும்போது அதை எப்படிக் கேட்பது, யாரிடம் கொண்டுபோவது, சொன்ன பிள்ளைக்கு எப்படிப் பாதுகாப்புக் கொடுப்பது என்பது அனுமானத்தில் செய்யும் காரியமல்ல. கற்றுக்கொண்டு செய்ய வேண்டியது. அந்த மாணவர் உயிர் பிழைத்து, அடுத்த ஆண்டே பிளஸ் டூ தேர்வில் 469 மதிப்பெண் எடுத்தார். அவர் தன் பாடத்தைப் படித்துக் காட்டிவிட்டார்.

அந்தக் கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் முதல்வரிடம் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு பற்றிய பரிந்துரைதான் ஊரெல்லாம் பேசப்பட்டது. ஆசிரியர்களுக்கான பகுதி அவ்வளவாகப் பேசப்படவில்லை. உதவித்தொகை விவரத்தை வகுப்பில் அறிவிக்காமல் மாணவரைத் தலைமையாசிரியர் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி தெரியும்படி எதுவும் இருக்கக் கூடாது, பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்று அறிக்கை சொல்கிறது. பி.எட். பாடத்திட்டத்தில் சமூக நீதி இடம்பெற வேண்டும், ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஆண்டுதோறும் சாதிப் பாகுபாடு, அதற்கான சட்டங்கள் பற்றிய வகுப்பு நடத்த வேண்டும் என்பதும் அதில் உண்டு.

இந்தப் பயிற்சி அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்டு, ஒரு மணி நேரம் பேசி, கையெழுத்து வாங்கி அனுப்பும் சடங்காக முடிந்துவிடக் கூடாது. கணக்கு கற்பிக்கச் செய்முறைப் பயிற்சி கொடுப்பது போல இதற்கும் கொடுக்க வேண்டும். 'காலனிப் பசங்க' என்று ஒரு மாணவன் கேலி பேசினால் அந்த நிமிடம் ஆசிரியர் என்ன சொல்ல வேண்டும்? கழிப்பறை கழுவவும் குப்பை அள்ளவும் யார் பிள்ளையை அனுப்புகிறோம் என்று எப்போதாவது பட்டியல் போட்டுப் பார்த்தோமா? சமைத்தவர் பட்டியல் சமூகப் பெண் என்பதால் பிள்ளைகள் சாப்பிட மறுத்தால், அன்று யார் முதலில் தட்டை எடுத்து உட்கார வேண்டும்? இந்தக் கேள்வி கற்பனையல்ல. 2023இல் எட்டயபுரம் அருகே ஒரு பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் இப்படித்தான் சிக்கல் வந்தது.

பயிற்சி ஆசிரியரோடும் நின்றுவிடக் கூடாது. பட்டியல் தயாரிக்கும் எழுத்தர், சத்துணவு அமைப்பாளர், ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிக் காப்பாளர் எல்லோரும் நம் பிள்ளைகளோடு தினமும் பேசுகிறவர்கள். அவர்களில் ஒருவர் தவறினாலும் பிள்ளையின் மனம் பள்ளியை விட்டு விலகும்.

நம் பங்கும் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடமும் கொடுக்கச் சொல்கிறது. வேலைக்குப் போனால்தான் கூலி என்ற நிலையில் கூட்டத்துக்குப் போவது கஷ்டம்தான். ஆனாலும் தெருவுக்கு ஒருவராவது போக வேண்டும். "நம் பள்ளி ஆசிரியர்களுக்கும் அலுவலகத்தாருக்கும் இந்தப் பயிற்சி கொடுத்தார்களா? உதவித்தொகைப் படிவத்தை எப்படிக் கொடுக்கிறீர்கள்?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு, பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்ல வேண்டும். மாணவர்கள் மனதில் வைத்துப் புழுங்க வேண்டாம். சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளைகளை அடிப்பதோடு மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பள்ளியில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. 14417 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

கடைசியாக, பி.எட். கல்லூரிகளில் படிக்கும் நம் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. எழுந்து நின்ற அந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். நாளை அதே பட்டியல் உங்கள் கைக்கு வரும். பயிற்சி கொடுக்காவிட்டாலும் அதை எப்படிக் கொடுக்கக் கூடாது என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து மேசையில் இருக்கும் ஆசிரியருக்கும் சொல்லிக் கொடுங்கள்.