நூலகமும் மாணவரும்

உயர்நிலைப் பள்ளியில் ஒவ்வொரு பாடத்திற்கும் ஒரு நூல் உண்டு. அதனைக் கருத்துடன் கற்றால் தேர்வில் வெற்றி பெறலாம். பல்கலைக்கழகப் படிப்போ அத்தகையது அன்று. ஆசிரியர் ஒரு மணி நேரம் விரிவுரையாற்றி, ஐந்தாறு நூல்களின் பெயர்களைக் கூறிச் செல்வார். அவற்றை எல்லாம் விலை கொடுத்து வாங்குதல் செல்வர்க்கும் அரிது. ஆகவே, அங்குப் பயில்வோர்க்கு நூலகமே இரண்டாம் வகுப்பறை ஆகின்றது. ஆயினும், சிற்றூரிலிருந்து வரும் மாணவர் பலர் அதன் வாயிலிலேயே தயங்கி நிற்கின்றனர். எண்ணற்ற நூல்களுள் தமக்கு வேண்டிய ஒன்றை எங்ஙனம் காண்பது என்னும் மலைப்பே அதற்குக் காரணம்.

இம்மலைப்பைப் போக்குவதற்கே தம் வாழ்நாளைச் செலவிட்டவர், 1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்த அரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த அவர், 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகத் தலைவர் ஆனார். தொடக்கத்தில் அப்பணி அவருக்குப் பிடிக்கவில்லை. வகுப்பறைக்கே திரும்பிவிட விரும்பினார். இலண்டன் சென்று நூலகக் கலை பயின்று, இங்கிலாந்தின் நூலகங்கள் பலவற்றைக் கண்ட பின்னரே அவர் மனம் மாறியது. அக்காலத்தில் நம் நாட்டு நூலகங்கள் பலவற்றில், வேண்டிய நூலின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்துக் காத்திருத்தல் வேண்டும். பெயர் தெரியாதவர் என் செய்வார்? படிப்போர் தாமே அலமாரிகளுக்கு இடையே சென்று நூல்களை எடுத்துப் பார்க்க அரங்கநாதன் வழி செய்தார். நூல்களை வகைப்படுத்த அவர் கண்ட கோலன் பகுப்பு முறை 1933ஆம் ஆண்டு வெளிவந்தது.

நூலகத்துள் நுழைந்ததும் முதலில் நாடத்தக்கது நூற்பட்டியல். முன்னாளில் அது சிறு இழுப்பறைகளில் அட்டைகளாக இருந்தது. இன்று பெரும்பாலும் கணினியில் உள்ளது. ஆசிரியர் பெயர், நூற்பெயர், பொருள் என்னும் மூவகையில் எதனைக் கொண்டும் அதில் தேடலாம். ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண் உண்டு. மெல்வில் டியூயி என்னும் அமெரிக்கர் 1876ஆம் ஆண்டு வெளியிட்ட முறைப்படி, கணிதம் 510, இயற்பியல் 530, தமிழ் இலக்கியம் 894.811 எனப் பகுக்கப்படும். வீட்டு எண்ணைக் கொண்டு வீட்டை அடைவது போல, இவ்வெண்ணைக் கொண்டு நூலை அடையலாம்.

ஆனால், தேடிய நூலை எடுத்தவுடன் திரும்பி விடுதல் பெரும் இழப்பு. சோழர் வரலாற்றைக் கற்க விரும்பும் மாணவர் ஒருவர், நீலகண்ட சாஸ்திரியார் ஆங்கிலத்தில் எழுதிய நூலைத் தேடிச் செல்கின்றார் என்று கொள்வோம். ஒரே பொருள் பற்றிய நூல்கள் அருகருகே வைக்கப்பெறுவதால், சதாசிவப் பண்டாரத்தார் தமிழில் எழுதிய பிற்காலச் சோழர் சரித்திரமும் அவர் கண்ணிற் படக்கூடும். இருவர் கூற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றார். அடிக்குறிப்புகளோ அவரைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் தொகுதிகளுக்கு அழைத்துச் செல்கின்றன. அவற்றின் இரண்டாம் தொகுதியில், தஞ்சைப் பெரிய கோயிற் சுவர்களில் வெட்டப்பட்ட சொற்களே அச்சில் நிற்கின்றன. இதுவரை பிறர் சொல்லக் கேட்ட செய்தியின் மூலத்தை மாணவர் இப்போது தம் கண்ணாலேயே காண்கின்றார். ஒரே பாடநூலை நெட்டுருச் செய்பவர்க்கு இப்பேறு கிட்டாது.

எல்லா நூல்களையும் முதலிலிருந்து இறுதிவரை படிக்க வேண்டுவதில்லை. பொருளடக்கத்தையும், இறுதியிலுள்ள அகர வரிசைக் குறிப்பையும் பார்த்தால், நமக்கு வேண்டிய பக்கங்கள் புலனாகும். குறிப்பு எடுக்கும்போது ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பு ஆண்டு, பக்க எண் ஆகியவற்றையும் உடன் எழுதுதல் நன்று. அகராதி, கலைக்களஞ்சியம் முதலிய பார்வை நூல்களைப் பொதுவாக வீட்டிற்குத் தருவதில்லை. அங்கேயே இருந்து பயில வேண்டும். எங்குத் தேடியும் கிடைக்காதபோது நூலகரைக் கேட்பதற்கு நாணுதல் வேண்டா. வழிகாட்டுதல் அவர் கடமைகளுள் ஒன்று.

சிலர் நூலக நூல்களில் கோடிடுகின்றனர். வேறு சிலர் வேண்டிய பக்கத்தைக் கிழித்தும் செல்கின்றனர். இதனைத் திருட்டு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? எடுத்த நூலைக் குறித்த நாளில் திருப்பித் தராதவரும் பிறர் வழியை அடைப்பவரே. நூலகத்தில் இருக்கும் ஒரே படியை நாடித் தேர்வுக்கு முந்திய வாரத்தில் எத்தனை மாணவர் வந்து வெறுங்கையுடன் திரும்புகின்றனர் என்பதை நூலகப் பணியாளரைக் கேட்டால் சொல்வார்.